கிராண்ட் காசு என் காசு இல்ல மாமா

கான்ட்ராக்ட்ல ஆராய்ச்சி வேலை பாக்குறவங்க, அதுவும் தோட்டத்துல இருந்து வந்து குடும்பத்துல முதல் ஆளா பிஎச்டி முடிச்சவங்க யாராச்சும் இருந்தா இத படிச்சு வைங்க. யூனிவர்சிட்டிக்கு எப்படி மனு போடணும், பிடிபிடிஎன் படிப்புக் கடன் எப்படி எடுக்கணும்னு சொல்லித் தர இப்ப நெறைய பேரு இருக்காங்க. ஆனா கிராண்ட், அதான் ஆராய்ச்சிக்குன்னு அரசாங்கமோ கம்பெனியோ குடுக்குற காசு, முடிஞ்சு சம்பளம் நின்னு போச்சுன்னா என்னா பண்றது, அத வீட்டுல எப்படி சொல்றது, சொல்லியும் நம்பலைன்னா என்னா பண்றது, இதெல்லாம் எனக்கு ஒருத்தரும் சொல்லல. லேப்ல கூட இருந்தவங்க வீட்டுலெல்லாம் அப்பா டாக்டரு, அம்மா டீச்சரு, அவங்களுக்கு இது ஒரு பேச்சே இல்ல. நான் தான் தனியா மண்டைய ஒடச்சுக்கிட்டேன்.

நான் சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயாக்காரி. பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னா தான் புரியும். மலேசியாவுல முதல் தடவ வியாபாரத்துக்குன்னு செம்பனை, அதான் பாமாயில் மரம், நட்ட தென்னமரம் தோட்டம் எங்க டவுன் பக்கத்துல தான், 1917ல. எங்க மாமா யார பாத்தாலும் இத சொல்லிட்டு தான் அடுத்த பேச்சுக்கு போவாரு. பாட்டி தாத்தா ரப்பர் பால் வெட்டுனவங்க, அப்பா செம்பனைப் பழம் வெட்டுனவரு. நான் ஆராய்ச்சி பண்றது கெனோடெர்மா, செம்பனையோட அடித்தண்ட அழுக வைக்கிற காளான். பழம் வெட்டுறவங்களுக்கு பேரு தெரியாட்டியும் மரத்த பாத்தா தெரியும். குருத்து ரெண்டு மூணு விரியாமலே நீட்டிக்கிட்டு நிக்கும், கீழ்மட்டையெல்லாம் ஒடிஞ்சு பாவாடை மாதிரி தொங்கும், அடியில செவப்பா பளபளன்னு காளான் வந்துருக்கும். வெளிய தெரியறப்பவே உள்ள பாதித் தண்டு போயிருக்கும், காப்பாத்த மருந்து இல்ல. நாங்க என்னா பண்றோம்னா ரப்பர் கட்டைய சின்னச் சின்னதா அறுத்து, சுத்தம் பண்ணி, அதுல இந்தக் காளான வளத்து, அந்தக் கட்டை மேல செம்பனை நாத்த வச்சு எந்த நாத்து தாங்குது எது சாவுதுன்னு பாப்போம். அம்மாகிட்ட இத சொன்னப்ப "பாட்டி பால் வெட்டுன மரத்துல நோய வளத்து அப்பா பழம் வெட்டுன மரத்துக்கு குடுக்கற, நல்ல வேலை லா இது"ன்னு சிரிச்சாங்க. பெரிய பெரிய மீட்டிங்ல நான் பேசி புரிய வைக்காதத அம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க. இதுல ஒன்னு ஞாபகம் வச்சுக்குங்க, ஒரு நாத்து சோதனைக்கே ஆறு மாசத்துக்கு மேல ஆகும், தோட்டத்துல நட்டு பாக்கணும்னா வருஷக்கணக்கு. கிராண்ட் குடுக்கறது ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு. காளானுக்கு கணக்கு வருஷம் எப்ப முடியுதுன்னு தெரியாது.

2022ல எங்க புரொபசருக்கு ஒரு அரசாங்க கிராண்ட் கெடச்சுது, ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்). கூடவே ஒரு தோட்டக் கம்பெனியும் தனியா காசு போட்டாங்க, அந்தக் கம்பெனி காசுல தான் என் சம்பளம். நான் வேலை பாத்தது தனியார் யூனிவர்சிட்டி, கிராண்ட் லெட்டர்ல என் பேரு மூணாவது. சந்தோஷத்துல அம்மாகிட்ட போன்ல சொன்னேன், அம்மா தம்பிகிட்ட சொன்னாங்க, தம்பி குடும்ப வாட்ஸாப் குரூப்புல "அக்காவுக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் வெள்ளி அவார்டு"ன்னு என் பட்டமளிப்பு படத்தோட போட்டுட்டான். அவார்டு இல்லடா, ப்ராஜெக்ட் காசுன்னு நான் எழுதறதுக்குள்ள ஜொகூர்ல இருக்குற பெரியப்பா வீடு வரைக்கும் போயி, எங்கயோ இங்கிலாந்துல இருக்குற ஒரு அண்ணன் கூட வாழ்த்துச் சொல்லிட்டாரு. நான் எழுதுன திருத்தத்த ஒருத்தரும் படிக்கல, அதுக்கு மேல நாப்பது கைதட்டல் படம் ஏறிப்போச்சு. மாமா அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில் கமிட்டியில சொல்லி, மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு டைல்ஸ் போட என் பேருல அஞ்சாயிரம்னு எழுதி வச்சுட்டு வந்து தான் எனக்கே போன் பண்ணாரு.

அந்தக் காசு எப்படி செலவாகும்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா வீட்டுல சொல்றதுக்கு இது தெரிஞ்சிருக்கணும். எஃப்ஆர்ஜிஎஸ் மாதிரி அரசாங்க கிராண்ட்ல ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வோட் நம்பர், அதாவது எந்தச் செலவுக்குன்னு சொல்ற நம்பர், இருக்கு. 11000ன்னா மாணவர் அலவன்ஸ், 21000ன்னா பயணம், 27000ன்னா ரசாயனம் சாமான், 35000ன்னா கருவி, இப்படி. ஒரு வோட்ல இருக்குறத இன்னொன்னுக்கு மாத்தணும்னா எழுதி கேக்கணும். எங்க லேப்ல ஒரு சாமான் வாங்கணும்னா மூணு கடையில விலை கேட்டு, பாரம் நெரப்பி, ஃபைனான்ஸ் ஆபீஸ் கையெழுத்து போட்டு வர மாசக்கணக்கு ஆகும். அந்தக் காசு என் பேங்குக்கு வரவே வராது, அதுல ஒரு கோப்பி கூட நான் குடிக்க முடியாது, முடியறப்ப மிச்சம் இருந்தா திரும்பிப் போயிரும். போதாததுக்கு டிஎன்ஏ பாக்குற கெமிக்கல் பாதிக்கு மேல வெளிநாட்டுச் சரக்கு. 2024 பிப்ரவரியில ரிங்கிட் டாலருக்கு 4.80 பக்கத்துல போச்சே, 1998க்கு அப்பறம் அவ்ளோ கீழ போனது அப்ப தான், அந்த மாசம் வந்த விலைச்சீட்ட பாத்து புரொபசர் கண்ணாடிய கழட்டி வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 2022ல போட்ட கணக்கு 2024ல செல்லல. டிஎன்ஏ வரிசைய படிக்க (சீக்வென்ஸ் பண்ண) வேண்டிய சாம்பிள் பாதிய ஃப்ரீசர்லயே வச்சோம்.

வீட்டுல ஆனா வேற கணக்கு ஓடுச்சு. டைல்ஸுக்கு அப்பறம் சித்தி மகனுக்கு லோரி லைசென்ஸ் எடுக்க, அப்பறம் பக்கத்து வீட்டு அண்ணன் மகளுக்கு காலேஜ் டெபாசிட். எல்லாரும் நல்லவங்க தான், நான் படிக்கிறப்ப கையில அம்பது நூறு திணிச்சவங்க, அதனால இல்லைன்னு சொல்ல வாய் வராது. என் சம்பளம் அப்ப நாலாயிரத்து சொச்சம், கார் போக, ரூம் வாடகை போக, பிடிபிடிஎன் போக, வீட்டுக்கு குடுத்தது போக ஒன்னும் நிக்காது. இதுல நான் கத்துக்கிட்டது ஒன்னு தான், தொகைய யாருகிட்டயும் சொல்லாதீங்க, தேதிய சொல்லுங்க. "ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்"னு சொன்னா மாமா காதுல அது நம்ம பையில இருக்குற காசு. "எனக்கு வேலை 2024 டிசம்பர் வரைக்கும் இருக்கு"ன்னு சொன்னா தோட்டத்துல வாழ்ந்த எந்த ஆளுக்கும் புரியும். நல்ல சேதி சொல்ற அன்னிக்கே தேதியையும் சேத்து சொல்லிருங்க, பின்னால சொன்னா அது சாக்கு மாதிரி தான் கேக்கும். குரூப்புல வேற யாராச்சும் உங்களுக்காக அறிவிப்பு குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருங்க, எழுத்த படிக்காதவங்க கூட வாய்ஸ கேப்பாங்க.

2024 நடுவுல எல்லாம் ஒன்னா வந்துச்சு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைஞ்சு தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சாங்க. ஜொகூர்ல அக்கா மாசமா இருக்கான்னு சேதி, கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு, அம்மா கோயிலுக்கும் வீட்டுக்குமா நடக்குறாங்க. செப்டம்பர்ல அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பு, அரசாங்க ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வச்சாங்க. அதே செப்டம்பர்ல தான் புரொபசர் கூப்புட்டு, கம்பெனி அடுத்த வருஷத்துக்கு காசு போடல, நம்ம புது மனுவும் வரல, உன் கான்ட்ராக்ட் டிசம்பர் 31ஓட முடியும், நான் பாத்துக்கிட்டு தான் இருக்கேன்னாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, நல்ல மனுஷன், அவரு கையில வேற காசு இல்ல. நான் காடியில உக்காந்து, சாவிய போடாம, கல்யாண மண்டபத்துக்கு நான் ஒத்துக்கிட்ட பதினெட்டாயிரத்த பத்தி தான் யோசிச்சேன். வேலை போகுதேன்னு கூட முதல்ல தோணல. நாத்தெல்லாம் அப்ப தான் நாலாவது மாசம், முடிவு தெரிய இன்னும் நாள் இருக்கு, யாரு அதுக்கு தண்ணி ஊத்துவாங்கன்னு அப்பறம் தான் நெனச்சேன்.

நான் மறைக்கல. தீபாவளிக்கு வீட்டுக்கு போனப்ப, 2024ல தீபாவளி அக்டோபர் 31, மாமா அத்தை சித்தி எல்லாரும் கூடியிருந்தப்ப சாப்பிட்டு முடிச்ச கையோட சொன்னேன், டிசம்பரோட என் வேலை முடியுது, புதுசா இன்னும் கெடைக்கல, மண்டபத்துக்கு நான் சொன்ன தொகை முழுசா முடியாதுன்னு. முறுக்கு தட்டு கை மாறிக்கிட்டே இருந்துச்சு. மாமா சிரிச்சாரு, "அடப்போம்மா, அது கவர்மெண்ட் காசு லா, அதெல்லாம் நிக்காது, ரெண்டு மாசத்துல திரும்பக் குடுப்பான்"னாரு. சித்தி, "நீ டாக்டருக்குப் படிச்ச புள்ள, ஒனக்கா வேலை கெடைக்காது"ன்னாங்க. அத்தை தான், என்னைய தூக்கி வளத்த அத்தை, தட்ட கீழ வச்சுட்டு, "தங்கச்சி கல்யாணம்னு நாள் குறிச்ச ஒடனே ஒனக்கு வேலை போகுதோ"ன்னு கேட்டாங்க. யாரும் ஒன்னும் பேசல. தங்கச்சி எழுந்து அடுப்படிக்கு போயிட்டா. அன்னிக்கு ராத்திரி முழுக்க தூக்கம் வரல, கோவமா அழுகையான்னு எனக்கே தெரியல. கிராண்ட் கெடச்சப்ப நம்புன அதே வாய் கிராண்ட் போனப்ப நம்பல, அது தான் ரொம்ப சுட்டுச்சு.

அதனால சொல்றேன், இந்த மாதிரி சேதிய பண்டிகை அன்னிக்கு கூட்டத்துல சொல்லாதீங்க. கூட்டத்துல ஒருத்தர் சிரிச்சா எல்லாரும் அதையே புடிச்சுக்குவாங்க. முதல்ல ஒரே ஒரு ஆளு, வீட்டுல யாரு பேச்சு எடுபடுமோ அவங்ககிட்ட, கையில பேப்பரோட சொல்லுங்க. எனக்கு அது தானா நடந்துச்சு. மறுநாள் சாயங்காலம் அப்பா வெளி வராண்டாவுல உக்காந்திருந்தாரு, மாத்திரை டப்பாவ தொறந்து திங்கள் செவ்வாய்னு பிரிச்சு போட்டுக்கிட்டு. "அந்த லெட்டர எடுத்துட்டு வா"ன்னாரு. இங்கிலீஷ் அவ்ளோவா படிக்க வராது, ஆனா தேதியும் காசும் எந்த மொழியில இருந்தாலும் பாத்துருவாரு. வெரல வச்சு மெதுவா கீழ எறங்கி, டிசம்பர் 31ல நிறுத்தி, "இதுல ஒனக்கு சம்பளம் போடுறது யாரு, யூனிவர்சிட்டியா?"ன்னாரு. இல்லப்பா, கம்பெனி யூனிவர்சிட்டிக்கு குடுக்கும், யூனிவர்சிட்டி எனக்கு குடுக்கும்னேன். "கம்பெனி நிறுத்திட்டா?" நின்னுரும். "அப்ப நீ செக்ரோல்ல இல்ல"ன்னாரு. ஆமாப்பா. "கான்ட்ராக்டர் ஆளு." ஆமாப்பா. "இத மொதல்லயே இப்படி சொல்லியிருந்தா ஒங்க மாமனுக்கும் புரிஞ்சிருக்குமே, அவனே ரெண்டு வருஷம் கான்ட்ராக்டர்கிட்ட மட்டை வெட்டுனவன் தான"ன்னுட்டு, மாத்திரை டப்பாவ மூடி வச்சுட்டு, அந்த எடத்துல இருந்தே மாமாவுக்கு போன் போட்டாரு. என்னா பேசுனாருன்னு பாதி தான் கேட்டுச்சு, "புள்ளை செக்ரோல் இல்லய்யா, வேலை முடிஞ்சா ஆள எறக்கி விட்டுருவான்"னு சொன்னது மட்டும் கேட்டுச்சு. தோட்டத்துல செக்ரோல் ஆளுன்னா பேரு பதிஞ்ச நிர்வாகத்து ஆளு, கான்ட்ராக்டர் ஆளுன்னா வேலை இருக்குற வரைக்கும். நான் வருஷக்கணக்கா போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்பறம் பாக்குற கான்ட்ராக்ட் ஆராய்ச்சி வேலை), ப்ராஜெக்ட் ஃபண்டிங்னு சொல்லி விளங்க வைக்க முடியாதது அந்த ஒரு போன்ல முடிஞ்சுது. அத்தை மட்டும் ரொம்ப நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு தான் இருந்தாங்க.

இப்ப காசு விஷயம், இது தான் முக்கியமா கேட்டுக்குங்க. வேலை போனா ஈஐஎஸ்னு வேலைக் காப்புறுதி இருக்கு, தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸான சொக்சோவுல காசு குடுப்பாங்கன்னு நான் தைரியமா இருந்தேன், சம்பளத்துல மாசாமாசம் 0.2 விழுக்காடு அதுக்குன்னு தான புடிச்சாங்க. ஜனவரியில கவுன்ட்டர்ல போயி நின்னப்ப அந்த அக்கா லெட்டர பாத்த ஒடனே சொல்லிட்டாங்க, தவணை போட்ட கான்ட்ராக்ட் தேதிப்படி முடிஞ்சா அது வேலை இழப்பு கணக்குல வராதுன்னு. சட்டமே அப்படித்தான், 2017ல வந்த ஈஐஎஸ் சட்டம். ஆள் குறைப்பு, கம்பெனி மூடல், தேதிக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க, இதுக்கெல்லாம் கெடைக்கும், தேதி வந்து முடிஞ்சா கெடைக்காது. அதனால உங்க கான்ட்ராக்ட்ட நடுவுல நிறுத்துனா அந்தக் கடுதாசிய எழுத்துல வாங்கிக்கங்க, வேலை போன 60 நாளைக்குள்ள மனு போடணும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். சில எடத்துல "புராஜெக்ட் முடியுது, நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துரு"ன்னு அன்பா கேப்பாங்க. எழுதாதீங்க, ராஜினாமாவுக்கும் ஒன்னும் கெடைக்காது.

அப்பறம் ஈபிஎஃப், சம்பளத்துல புடிக்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு. 2024 மே மாசத்துல இருந்து கணக்கு மூணா பிரிஞ்சிருக்கு, 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 செஜாத்ராவுக்கு (வீடு, படிப்பு, வைத்தியம் மாதிரி செலவுக்கு), 10 ஃப்ளெக்சிபெலுக்கு, அந்த கடைசிக் கணக்குல இருந்து எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். நான் அதுல இருந்ததெல்லாம் வழிச்சு எடுத்தேன், நாலாயிரத்துக்கு கொஞ்சம் மேல, கார் தவணைக்கும் வாடகைக்கும் போச்சு. வயசான காலத்துக் காசுன்னு மனசு அடிச்சுது, ஆனா கிரெடிட் கார்டு வட்டிக்கு இது மேல். இன்னொன்னும் சொல்லணும், போஸ்ட்டாக்ல, ஆராய்ச்சி மாணவர் அலவன்ஸ்ல பல பேருக்கு ஈபிஎஃப்பே கட்ட மாட்டாங்க, அது சம்பளம் இல்ல அலவன்ஸ்ன்னுருவாங்க. முதல் மாசமே சம்பளச் சீட்ட பாருங்க. கட்டலைன்னா ஐ-சாரான்னு ஈபிஎஃப்போட திட்டத்துல நீங்களே கட்டலாம், அரசாங்கமும் கொஞ்சம் சேத்துப் போடும். பிடிபிடிஎன் தவணைய கட்டாம நிறுத்தறத விட முன்னாடியே போயி மறு அட்டவணை கேட்டுருங்க, நான் கேட்டேன், கொறச்சுக் குடுத்தாங்க, ரெண்டு மாசம் பயந்துக்கிட்டு போன் எடுக்காம இருந்திருந்தா பேரு தான் கெட்டிருக்கும்.

சித்தி கூட்டு, அதான் ஏலச்சீட்டு மாதிரி, எடுத்துக்கச் சொன்னாங்க, அவங்க தெருவுல ஒரு அக்கா நடத்துறாங்க, முதல் சீட்டு எனக்கே தர்றேன்னாங்க. மனசு தடுமாறுச்சு, பத்தாயிரம் ஒரே தடவையில கையில வரும். ஆனா நம்ம நாட்டுல கூட்ட தொழிலா நடத்தறது 1971 சட்டப்படியே குத்தம், பாதி ஊரு போட்டுக்கிட்டு தான் இருக்கு, அது வேற. காசு போயிருச்சுன்னா போலீஸ்ல போயி எப்படி பேசுறது. அதோட சம்பளம் இல்லாம மாசாமாசம் எப்படி திருப்பிக் கட்டுவேன். வேண்டாம்னுட்டேன். அம்மாவோட வளையல அடகு வச்சது தான் கடைசியா செஞ்சது, அத இன்னும் முழுசா மீட்கல. மொத்தமா பாத்தா சம்பளம் இல்லாத அஞ்சு மாசம், மண்டப டெபாசிட்ல திரும்பி வராத மூவாயிரம், அடகு வட்டி எல்லாம் சேத்து இருவத்தஞ்சாயிரம் வெள்ளிக்கு மேல. கல்யாணம் மண்டபத்த விட்டுட்டு கோயில்லயே நடந்துச்சு, எரநூறு பேருக்கு சாப்பாடு, மாமா தான் முன்ன நின்னு பரிமாறுனாரு. மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. நாங்க தான் சும்மா பயந்தோம்.

அப்பா ஆஸ்பத்திரி விஷயத்துலயும் ஒன்னு சொல்லிடறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில வார்டு செலவு கொறச்சல் தான், ஆனா உள்ள வைக்கிற சாமானுக்கு தனியா கேட்டா பதறி ஒடனே லோன் போட ஓடாதீங்க. ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலயும் மருத்துவ சமூகப் பணி பிரிவு இருக்கு, அங்க போயி வருமானத்த காட்டுனா உதவி நிதிக்கு மனு போட்டுத் தருவாங்க. நான் "பொண்ணு சைன்டிஸ்ட்"னு பாரத்துல போட வெக்கப்பட்டுக்கிட்டு நின்னப்ப, அந்த ஆபீசர் சம்பளச் சீட்டு கேட்டாரு, கான்ட்ராக்ட் தேதி கேட்டாரு, அவ்ளோ தான். பட்டத்த பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

வேலைக்கு சேர்றப்ப கேக்க வேண்டிய கேள்விய யாராச்சும் என்கிட்ட கேட்டா இப்ப மூணு தான் சொல்லுவேன். சம்பளம் எந்தக் காசுல இருந்து வருது, அந்தக் காசு எந்த மாசம் முடியுது, முடியறதுக்கு எத்தன மாசம் முன்னாடி எனக்கு சொல்லுவீங்க. புரொபசர்கிட்ட இத கேட்டா மரியாதைக் குறைவுன்னு நெனைக்காதீங்க, நல்ல புரொபசர் சந்தோஷமா சொல்லுவாரு. அடுத்த கிராண்ட் முடிவு வர்ற மாசத்தையும் நம்ம கான்ட்ராக்ட் முடியற மாசத்தையும் ஒரே காலண்டர்ல எழுதிப் பாருங்க. எனக்கு நடுவுல அஞ்சு மாசம் ஓட்டை இருந்துச்சு, முன்னாடியே பாத்திருந்தா அந்த அஞ்சு மாசத்துக்கு ஒரு டியூஷன் சென்டர், இல்ல காலேஜ்ல பார்ட் டைம்னு முன்னமே பேசி வச்சிருக்கலாம். அப்பறம் கல்யாணம் காட்சின்னு வீட்டுல பணம் ஒத்துக்கறப்ப, கான்ட்ராக்ட் முடியற தேதிக்கு அந்தப் பக்கம் இருக்குற எதுக்கும் வாக்கு குடுக்காதீங்க. கேக்க கல்நெஞ்சு மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

எனக்கு ஜூன்ல வேற எடத்துல வேலை கெடச்சுது, திரும்பவும் கான்ட்ராக்ட் தான், திரும்பவும் செம்பனை தான், ஆனா இந்த தடவ நோய் இல்ல விதை. பழைய லேப் நாத்து எல்லாத்தையும் ஒரு மாஸ்டர்ஸ் பையன் சம்பளமே இல்லாம தண்ணி ஊத்தி முடிவு எடுத்துட்டான், அவனுக்கு எவ்ளோ சொன்னாலும் போதாது, பேப்பர்ல அவன் பேரு தான் முதல்ல வரணும்னு நான் புரொபசர்கிட்ட சொல்லிட்டேன். சேர்ந்த அன்னிக்கே குரூப்புல வாய்ஸ் போட்டேன், வேலை கெடச்சுது, ரெண்டு வருஷம், 2027 மே மாசம் முடியுது, தொகைய பத்தி ஒரு வார்த்தை இல்ல. கொஞ்ச நேரத்துல அத்தையே போன் பண்ணாங்க, அத்தனை மாசத்துக்கு அப்பறம். வாழ்த்தெல்லாம் இல்ல, நேரா, "மே மாசம்னா தீபாவளிக்கு முன்னாடியே முடிஞ்சிருமே"ன்னாங்க. ஆமா அத்தைன்னேன். "அப்ப அந்த வருஷம் புள்ளைங்களுக்கு சட்டை துணி நான் பாத்துக்கறேன், நீ ஒன்னும் ஒத்துக்காத"ன்னுட்டு, அக்கா புள்ளைக்கு பத்துமலையில மொட்டை போட எந்த வாரம் லீவு எடுப்பன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.